உம்மு ஹானி வுட்ட காத்தாடி

பழவேற்காட்டுல மக்பூல் பாய் காத்தாடின்னா அந்தக் காலத்துல தெரியாத ஆள் கிடையாது. ஆனா மக்பூல் பாய்க்குக் காத்தாடி வுடவே தெரியாது. இத்த நான் இப்பதான் வாய் தொறந்து சொல்றேன். அன்னிக்குச் சொல்லியிருந்தா ஒரு பொம்பளைய மாடியிலேர்ந்து கீழ எறக்கியிருப்பாங்க. அதனால சும்மா இருந்தேன். இருசம்மா வாயை மூடிக்கினு இருந்தான்னு எங்க குப்பத்துல போயி சொல்லிப் பாருங்க, ஒருத்தரும் நம்பமாட்டாங்க.

ஏரிக்கரையில, டவுனுக்குக் கிழக்கால எங்க குப்பம். ஆம்பளைங்க புடிச்சாந்த மீனைக் கூடையில போட்டுக்கினு டவுனுக்குள்ள வீடு வீடா போயி விக்கிறது என் பொழப்பு. தெருக்கோடியில இருந்த பழைய மாடி வீடு மக்பூல் பாய் வீடு. அவங்க முன்னோருங்க கப்பல்ல யாவாரம் பண்ணவங்கன்னு சொல்லுவாங்க. நான் பாக்கச்சொல்ல மழைக்கு ஒழுவுற மாடியும் தெருமுனையில ஒரு சின்ன மளிகைக் கடையும்தான் மிச்சம். மக்பூல் பாய்க்கு ஒரே ஒரு அக்கா, உம்மு ஹானின்னு பேரு. அவரு லாத்தான்னு கூப்புடுவாரு, நான் ஹானிம்மான்னு கூப்புடுவேன்.

ஹானிம்மாவுக்குச் சின்ன வயசுலயே நிக்காஹ் பண்ணி வெச்சாங்க. மாப்பிள்ளை பினாங்குக்குச் சபர் போனாரு. கொஞ்ச நாள் கடுதாசி வந்துச்சி, அப்பறம் நின்னுபோச்சி. அங்க இன்னொருத்தியக் கட்டிக்கினு குடும்பமா கீறாருன்னு கப்பல்லேர்ந்து எறங்குன ஒருத்தன் வந்து சொன்னான். வீட்டுக்குள்ள வந்து சொல்லியிருந்தா கூடப் பரவால்ல. அந்தக் கம்னாட்டி கடைத்தெருவுல நின்னுக்கினு சொன்னான். ஊரு பூரா தெரிஞ்சதுக்கப்பறந்தான் அந்தம்மா காதுக்கு வந்துச்சி. அந்தாளு தலாக்கும் சொல்லல, திரும்பியும் வரல.

அன்னிலேர்ந்து அந்தம்மாவுக்குப் பேரே மாறிப்போச்சி. யாரைக் கேட்டாலும் “பாவம், மக்பூலோட அக்கா”ன்னுதான் சொல்லுவாங்க. கல்யாண வூட்டுக்குப் போனா, பாவம்னு சொல்லி சோத்துல கறித்துண்டு ரெண்டு கூடப் போடுவாங்களாம். அந்தக் கறி தொண்டையில எறங்காது இருசுன்னு என்னாண்ட சொல்லியிருக்குது. அப்பறம் கல்யாணத்துக்குப் போறதையே வுட்டுடுச்சி. வெளிய தெருவ பாக்கறது கூட கிடையாது. வீட்டுக்குள்ள உக்காந்துக்கினு பனையோலைப் பொட்டி முடையும், சோறாக்கும், அவ்ளோதான்னு நானும் நெனச்சிக்கினு இருந்தேன்.

எமர்ஜென்சி வந்த வருஷம்னு நெனக்கிறேன். காலைல மீனு குடுத்துட்டு ஹானிம்மா வீட்டுல என் அன்னக்கூடைய வுட்டுட்டு வந்துட்டேன். மத்தியானத்துக்கு மேல எடுக்கப் போறேன், கதவு தொறந்திருக்குது, உள்ள யாரும் இல்ல. ஹானிம்மா, ஹானிம்மான்னு கூப்புட்டுக்கினே படியேறிட்டேன். மாடியில ஆள் ஒசரத்துக்குக் கைப்பிடிச் சுவரு. அந்தச் செவுத்துல முதுகை சாச்சிக்கினு, கால நீட்டிக்கினு, முக்காடு கழுத்துல கெடக்க, அந்தம்மா வானத்தைப் பாத்துக்கினு உக்காந்திருக்குது. கையில மாஞ்சா நூலு. மேல கறுப்புத் தலை போட்ட வெள்ளைக் காத்தாடி நிக்குது. மக்பூல் பாயோட காத்தாடின்னு ஊரே பேசுற காத்தாடி அது.

எனக்கு வந்துச்சே கோவம். கோவம் அந்தம்மா மேல இல்ல. அந்தக் காத்தாடிகிட்ட தெனம் தோத்துட்டு வந்து சோறு துன்னாம படுத்துக்கினு இருந்தவன் என் கூடப்பொறந்த தம்பி மாரி.

மாரியைப் பத்தி சொல்லணும். நைனா கடலோட போனப்பறம் நான்தான் அவனுக்கு ஆத்தாவும் அப்பனும். வலையில கை வெச்சான்னா அவன மாதிரி எங்க குப்பத்துல ஆள் கிடையாது. ஆனா மாசி பொறந்து மத்தியானக் கடல் காத்து கிளம்பிச்சின்னா அவனுக்குப் பித்து புடிச்சிக்கும். வலை காய வெக்கிற மணல்ல நின்னுக்கினு காத்தாடிய ஏத்துவான். கிழக்கேர்ந்து காத்து, அதனால காத்தாடி டவுனுக்கு மேல போயி நிக்கும். மீஞ்சூர் வரைக்கும் போயி காத்தாடிச் சண்டை போட்டு ஜெயிச்சவன்தான், சொந்த ஊர்ல அந்த ஒத்தை மாடிய அவனால ஜெயிக்க முடியல. எவளையாவது கட்டிக்கடான்னு நான் கத்துனா, மக்பூல் பாய் காத்தாடிய ஒரு தடவ அறுத்துட்டுக் கட்டிக்கிறேன்னுவான். வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். அவன் நெஜமாத்தான் சொல்லிக்கினு இருந்தான்.

நான் மாடியில வாயப் பொளந்துக்கினு நிக்கச்சொல்ல, ஹானிம்மா வெரல உதட்டுல வெச்சி உக்காருன்னு சைகை காட்டுச்சி. சின்ன வயசுல தம்பியும் அக்காவும் சேந்து வுட்டாங்களாம். வயசுக்கு வந்ததும் மாடி கிடையாதுன்னுட்டாங்களாம். பினாங்கு சேதி வந்தப்பறம் வீட்டுக்குள்ள மூச்சு முட்டுதுன்னு ஒரு நாள் மாடி ஏறுனா, மக்பூல் பாய் காத்தாடிய ஏத்தத் தெரியாம கஷ்டப்பட்டுக்கினு இருந்தாராம். நூலை வாங்குச்சி, அதோட சரி. மொதல்ல பாயி மாடியில நின்னு கையை மட்டும் தூக்கிக் காட்டிக்கினு இருந்தாரு, அப்பறம் அதுவும் வேணாம்னு கடைக் கதவைச் சாத்திக்கினு உள்ளயே படுத்துக்கினாரு. செவுத்துக்குப் பின்னால யாருன்னு எவன் எட்டிப் பாக்கப்போறான்.

நான் உண்மையச் சொல்லிட்டேன். எதிர்ல சேப்புக் காத்தாடி வுடறானே, அது என் தம்பின்னு. அந்தம்மா சிரிச்சிச்சி. அந்த வீட்டுல அது சிரிச்சி நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

“அவன்கிட்ட சொல்லிடாத இருசு,”ன்னு சொல்லிச்சி. “கீழ எல்லாரும் என்னைப் பாத்தா பாவம்ங்கறாங்க. அங்க மேல ஒருத்தன் தெனம் என்னை அறுக்கப் பாக்கறான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவன் கை தளர்ந்துடும்.”

இதுக்கு மேல நான் எங்க போயி யாராண்ட சொல்றது? வாயைத் தெச்சிக்கினேன்.

அன்னிலேர்ந்து எனக்கு ரெண்டு பக்கத்துக் கதையும் தெரியும். மாரி வந்து புலம்புவான். அந்த மக்பூல் பாய் சூரியன்ல போயி ஒளிஞ்சிக்கிறான் யக்கான்னுவான். நெஜம்தான். மாரி மேற்கப் பாத்துக்கினு வுடணும், சாயங்கால வெயிலு நேரா கண்ணுல அடிக்கும். ஹானிம்மா காத்தாடிய அந்த வெயிலுக்குள்ளயே கொண்டுபோயி நிறுத்தும். மாரி கண்ணக் கசக்கிக்கினு தேடுவான், அதுக்குள்ள தலை மேலேர்ந்து வந்து விழும். இன்னொரு நாளு காத்தாடிய நேரா நிறுத்துற சூத்திரக் கயிறு பிஞ்சிப்போன மாதிரி காத்தாடிய ஆட்டி ஆட்டிக் காட்டும். அடடா மாட்டுச்சிடான்னு இவன் பாய்வான். இவன் நூலு மேல ஏறுன ஒடனே அது சமாளிச்சிக்கினு அடியில பூந்து நூலை வுடும் பாரு, சர்ர்னு போவும். இவன் காத்தாடி அறுந்து ஏரிப் பக்கமா கூட வராது, மேற்கால எங்கனா பனமரத்துல போயி தொங்கும்.

நீ ஏன் ஜெயிக்கிற, அவன் ஏன் தோக்கறான்னு ஒரு நாள் கேட்டுட்டேன். தம்பியாச்சே, மனசு கேக்கல.

“அவன் நல்லா வுடறான். ஆனா நூலு கனத்தா இழுக்கறான்,”ன்னு சொல்லிச்சி. “சிக்கிக்கிச்சின்னா வுட்டுக்கினே இருக்கணும். இறுக்கமா நிக்கிற நூலுதான் அறும். அவன் கை கேக்க மாட்டேங்குது.”

அது எப்டிக் கேக்கும்? பொறந்ததுலேர்ந்து வலை இழுக்கற கை. கயிறு கனக்குதுன்னா மீனு கீதுன்னு அர்த்தம். எங்க ஆளுங்க தூக்கத்துல கூட கயிறு கனத்தா இழுப்பாங்க. மாரிக்கும் அது தெரியும். இன்னிக்கு இழுக்கமாட்டேன் இழுக்கமாட்டேன்னு சொல்லிக்கினே போவான், நூலு கனத்த ஒடனே கை தானா இழுக்கும். வந்து கையை மண்ணுல குத்திக்கினு உக்காந்திருப்பான்.

அப்பறந்தான் அந்தத் தங்கூசி வந்துச்சி. நைலான் நரம்பு. பருத்தி வலையெல்லாம் போயி அதுலயே வலை கட்ட ஆரம்பிச்ச காலம். உப்புத் தண்ணியில மக்காது, பல்லால கடிச்சாலும் அறாது. மாரி புது வலைக்கு வாங்குனதுல மிச்சத்த எடுத்து வெச்சிக்கினான். கண்ணாடித் தூளை வஜ்ஜிரப் பசையில கலக்கித் தடவுனா அதுல ஒட்டல, வழுக்கிக்கினு வந்துடுச்சி. இவன் இன்னா பண்ணான், படகு ஓட்டைய அடைக்க எண்ணெயில குங்கிலியம் காச்சுவோமே, அதுல கண்ணாடித் தூளைப் போட்டு சூடா தடவிட்டான். பட்டணத்துல காத்தாடி வுடறவன் ஒருத்தனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. இழுத்தா அறாத நூலு. இனிமே என் கை இழுத்தா இழுத்துட்டுப் போவட்டும் யக்கான்னு சிரிச்சான். நான் அடுப்பாண்ட இருந்தேன். சரி, ஒரு தடவ ஜெயிச்சித் தொலையட்டும், கல்யாணமாவது பண்ணுவான்னு நெனச்சேன்.

பங்குனி மாசம் ஒரு மத்தியானம், நல்ல காத்து. நானும் மணல்ல கருவாடு திருப்பிக்கினு இருந்தேன். ரெண்டு காத்தாடியும் சிக்கிக்கிச்சி. அந்தம்மா வழக்கம் போல நூலை வுடுது, சர்ர்னு போவுது, ஆனா சேப்பு அறல. மாரி இழுத்தான். வெள்ளைக் காத்தாடி தலைய ஆட்டிக்கினு அப்டியே மெதந்து போச்சி. மாரி கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. பாத்துக்கினு இருந்த குப்பத்து ஜனம் பூரா கத்துச்சி.

அந்தச் சந்தோஷத்துல அவன் கையைத் தளர வுட்டுட்டான். காத்தாடி தாழ்ந்து, நூலு தொய்ஞ்சி அந்த மாடி மேல போயி விழுந்துச்சி. எங்க ஊருப் பக்கம் ஒரு வழக்கம் கீது. உன் மாடியில எவன் நூலு விழுந்தாலும் அது உன்னுது. கையில ஒரு சுத்து சுத்தி, பட்டுனு அறுத்து, காத்தாடிய எடுத்துக்கலாம், யாரும் கேக்கமாட்டாங்க. அந்தம்மா அத்ததான் செஞ்சிது. பருத்தி நூலுன்னு நெனச்சி வலது கையில ஒரு சுத்து சுத்திச்சி. இந்தப் பக்கம் மாரிக்கு நூலு கனத்துச்சி. கனத்தா அவன் கை இன்னா பண்ணும்? இழுத்தான். பெரிய மீனு விழுந்த வலைய இழுக்கற மாதிரி ரெண்டு கையாலயும், குதிகாலை மண்ணுல ஊணிக்கினு இழுத்தான். நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அங்க இன்னா நடந்துக்கினு கீதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

மறுநாள் காலைல மீனு கொண்டுபோனா வீடு பூட்டியிருந்துச்சி. ஹானிம்மாவ பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க. ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் எலும்பு வரைக்கும் அறுந்திருந்துச்சி. தையல் ஆறிடும், நரம்பு போயிடுச்சி, வெரலு ரெண்டும் இனிமே மடங்காதுன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. அருவாமனை பட்டுடுச்சின்னு அந்தம்மா அங்க சொல்லியிருக்குது. அப்பவும் மாடிய காட்டிக் குடுக்கல.

மக்பூல் பாய்தான் தாங்கல. அந்த மனுஷன் கடன் கேட்டு வர்றவனைக் கூட சத்தம் போட்டு வெரட்டத் தெரியாதவரு. அன்னிக்கு சாயங்காலம் எங்க குப்பத்துக்கு நடந்தே வந்தாரு. மாரி படகு மேல உக்காந்து பீடி குடிச்சிக்கினு இருந்தான். பாய் தோத்த மொகத்தைக் காட்ட வந்துட்டாருன்னு நெனச்சி எழுந்து சிரிச்சான். பாய் கைய விரிச்சாரு. உள்ள ரத்தம் காஞ்ச தங்கூசி துண்டு.

“இத்தனை வருஷமா நீ என்னோட சண்டை போடலப்பா. எங்க லாத்தாவோட போட்ட,”ன்னாரு. “அவ கை போச்சி.”

எல்லாத்தையும் சொல்லிட்டாரு. சொல்லி முடிச்சப்பறந்தான் சொல்லக்கூடாததச் சொல்லிட்டோம்னு அவருக்கே ஒறச்சிது. வெளிய சொல்லிடாதீங்க, ஊரு சிரிக்கும், என் அக்கா பாவம்னு எங்கள பாத்துக் கும்புட்டாரு. கேக்க வந்தவரு கெஞ்சிட்டுப் போனாரு.

மாரி அந்தத் தங்கூசிய அடுப்புல போட்டுக் கொளுத்துனான். காத்தாடி, நூலு உருளை, எல்லாத்தையும் கொண்டுபோயி கூரை மோட்டு வளையில சொருவிட்டான். அப்பறம் அவன் வலையில எது நல்லதா வுழுந்தாலும், கொடுவா, எறா, நண்டு, எல்லாம் ஹானிம்மாவுக்குன்னு தனியா எடுத்து வெப்பான். காசு வாங்காதன்னு என்னாண்ட சொல்லுவான். மொத நாள் குடுத்தப்பவே அந்தம்மா கண்டுபுடிச்சிடுச்சி. கட்டு போட்ட கையை மடியில வெச்சிக்கினு கூடைய எட்டிப் பாத்துச்சி. அவனுக்குத் தெரிஞ்சிடுச்சான்னு கேட்டுச்சி. தெரிஞ்சிடுச்சின்னேன்.

அப்பறம் மீனைத் திருப்பி எடுத்துக்கினு போவச் சொல்லிச்சி. நூலு என் மாடியில வுழுந்தா நான் புடிப்பேன், அவன் இழுப்பான், சண்டைன்னா அப்டித்தான், அதுக்கு மீனு எதுக்குன்னு கேட்டுச்சி. தங்கூசி வெச்சிக்கினு வந்தது மட்டும் தப்பு, அதுக்கு நாலு வார்த்த திட்டிட்டேன்னு சொல்லு, கணக்கு தீந்துச்சின்னு சொல்லு, இதான் சொல்லிச்சி. கையைப் பத்தி ஒரு வார்த்த இல்ல. ஓலை முடைய முடியாம, சோத்துக் கரண்டி புடிக்க முடியாம கெடந்த பொம்பளை அது. எனக்கு அழுவை வந்துச்சி. என் எதிர்ல அழாதன்னு அதட்டுச்சி.

ஆனா அந்த மழைக்காலம் பூரா நான் பாத்துக்கினு இருந்தேன். இடது கையால நூலை வுட்டு வுட்டு சுத்திக்கினே இருக்கும். உருளைய முட்டியில இடுக்கிக்கும். வராது, சிக்கிக்கும், பல்லைக் கடிச்சிக்கினு மறுபடியும் சுத்தும். மக்பூல் பாய் வேணாம் லாத்தான்னு காலுல வுழாத கொறை. மாடியும் போச்சின்னா நான் எங்கடா போவேன்னு கேட்டுச்சாம்.

மாசி பொறந்துச்சி. ஒரு நாள் என்னைக் கூப்புட்டு, உன் தம்பிய பருத்தி நூல்ல வரச் சொல்லுன்னுச்சி. மாரி மொதல்ல முடியாதுன்னான். நான் திட்டித் தீத்துட்டேன். அந்தம்மா கேக்கறது இந்த ஒண்ணுதான், அதுவும் உன்னால முடியாதான்னு கேட்டேன். மோட்டு வளையிலேர்ந்து எடுத்து தூசி தட்டுனான்.

அன்னிக்கு நான் மாடியில இருந்தேன். உருளைய நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன். ஹானிம்மா செவுத்துல சாஞ்சி உக்காந்து இடது கையால ஏத்துச்சி. பழைய வேகம் இல்ல. ஆனா கண்ணு அதே கண்ணு. வெயிலுக்குள்ள கொண்டுபோவப் பாத்துச்சி, காத்தாடி பாதி வழியில கவுந்துச்சி. ஆட்டிக் காட்டி ஏமாத்தப் பாத்துச்சி, கை தடுமாறுச்சி. அந்த நேரத்துல பழைய மாரியா இருந்தா மேல வுழுந்திருப்பான். சேப்புக் காத்தாடி தள்ளிப் போயி நின்னுக்கினு வேடிக்க பாத்துச்சி. அந்தம்மா மொகம் சுருங்குனத நான் பாத்தேன்.

கடைசியில சிக்கிக்கிச்சி. சேப்பு மேல, வெள்ளை அடியில. காத்தும் அவன் பக்கம். அந்தம்மா கை நூலை வேகமா வுட முடியாம தெணறுது, நூலு இறுக்கமா நிக்குது. அவன் ஒரு இழுப்பு இழுத்தா போதும், முடிஞ்சிது. தூக்கத்துல கூட இழுக்கற கை. அன்னிக்கு இழுக்கல. வுடவும் இல்ல. சும்மா புடிச்சிக்கினு நின்னான். அந்தம்மாவோட நூலு மெதுவா போயி போயி அவன் நூலைத் தேச்சி அறுத்துச்சி. சேப்புக் காத்தாடி அவுந்து போச்சி.

கீழத் தெருவுல பசங்க மக்பூல் பாய்னு கூச்சல் போட்டாங்க. எனக்குக் கூட ஒரு நிமிஷம் சந்தோஷம். ஜெயிச்சிட்டீங்கம்மான்னு திரும்புனா, அந்தம்மா நூலைப் பாத்துக்கினு உக்காந்திருக்குது.

“எதிர்ல கை இல்ல இருசு,”ன்னுச்சி. “நூலுல கை இருந்தா எனக்குத் தெரியும். வெறும் கம்பத்துல கட்டுன நூலு மாதிரி இருந்துச்சி.” அப்பறம், “பாவம்னு சொல்லாதவன் இந்த ஊருல ஒருத்தன் இருந்தான். அவனும் சொல்லிட்டான்,”னு சொல்லிச்சி.

காத்தாடிய எறக்கி, நூலை இடது கையால நல்லா சுத்தி, படியெறங்கிப் போச்சி. போயி அரிசி களைய ஆரம்பிச்சிடுச்சி.

நான் வீட்டுக்கு வந்தேன். மாரி வாசல்லயே நின்னுக்கினு இருந்தான். மொகத்துல ஒரு வருஷமா இல்லாத வெளிச்சம். ஜெயிச்சாங்க இல்ல யக்கா, சிரிச்சாங்களான்னு கேட்டான். ஆமாண்டான்னு சொல்லியிருக்கலாம். எனக்கு வாய்ல பொய் வராது. அந்தம்மா சொன்னத ஒரு எழுத்து வுடாம சொன்னேன். அவன் அப்டியே மண்ணுல குந்திட்டான்.

“பின்ன இன்னா யக்கா பண்ணச் சொல்ற?”ன்னான். “அந்தக் கையை மறுபடியும் அறுக்கச் சொல்றியா?”

நான் அவன் கையைப் புடிச்சி எழுப்பி உள்ள கூட்டிக்கினு போனேன்.

அதுக்கப்பறம் ஹானிம்மா மாடி ஏறல. துணி காயப்போடக் கூட மக்பூல் பாய்தான் போவாரு. மாரி கொஞ்ச நாள்ல வெறும் நூல்ல, மாஞ்சா தடவாம, அந்த மாடி மேல தாழ வுட்டுக்கினு நின்னான், புடிச்சி அறுத்துக்கட்டும்னு. அதுவும் பிச்சைதாண்டான்னு நான் சொன்னேன். மறுநாளே நிறுத்திட்டான். அடுத்த மாசிக்கு நல்ல கண்ணாடி அரைச்சி, வஜ்ஜிரம் காச்சி, கெட்டியா மாஞ்சா போட்டான். பழைய மாரி மாதிரியே நின்னான். இந்தத் தடவ வந்தா அறுத்துடுவேன்னு நெஜமாவே சொன்னான், போயி சொல்லு யக்கா, வுட்டுத் தர மாட்டேன்னு சொல்லுன்னான். போயி சொன்னேன். அந்தம்மா மீனோட செவுளைத் தூக்கிப் பாத்துக்கினே கேட்டுக்கிச்சி. நான் யாருன்னு தெரிஞ்சப்பறம் அவனால எப்டி முடியும் இருசு, அவன் நல்லவன், அதான் கஷ்டம்னு சொல்லிச்சி. கோவமா சொல்லல. அதான் எனக்குத் தாங்கல.

அந்த மாசி பூரா, பங்குனி பூரா அவன் தனியா வுட்டுக்கினு நின்னான். மாடி காலியா இருந்துச்சி.

ஸ்ரீஹரிகோட்டாவுல வுட்ட ராக்கெட்டு ஒழுங்கா மேல போச்சின்னு எல்லாரும் பேசுனாங்களே, அதுக்கு அடுத்த வருஷத்து மழையில ஹானிம்மாவுக்குக் காமாலை கண்டுச்சி. கொஞ்ச நாள்தான் படுத்துச்சி. கடைசியா நான் பாக்கப் போனப்போ நாலஞ்சி பொம்பளைங்க சுத்தி உக்காந்துக்கினு பாவம் பாவம்னு சொல்லிக்கினு இருந்தாங்க. அது கண்ண மூடிக்கினு கெடந்துச்சி. எல்லாரையும் எழுப்பி வெளிய தொரத்தணும் போல இருந்துச்சி எனக்கு. மீன்காரி நான், எந்த உரிமையில தொரத்துறது? காலை மட்டும் கொஞ்ச நேரம் புடிச்சி வுட்டுட்டு வந்தேன்.

மறுநாளே ஹானிம்மா போயிடுச்சி. மையத்து எடுத்தப்போ மாரியும் போனான். மையத்தைத் தூக்கிக்கினு போன சந்தூக்குக்குப் பின்னால, ஆம்பளைங்களோட, தலையில துண்டைக் கட்டிக்கினு நடந்தான். எங்க குப்பத்துக்காரன் எதுக்கு வர்றான்னு கேட்டவங்களுக்கு மக்பூல் பாய், நம்ம வீட்டுக்கு மீனு குடுக்கறவங்கன்னு சொன்னாராம். வேற இன்னா சொல்லுவாரு அவரும்.

திரும்பி வந்து ஏரியில முங்கிட்டு, ஈரத்துணியோட வந்து என் எதிர்ல உக்காந்தான். சோறு போட்டேன். தொடல. தலையில அடிச்சிக்கினு அழுவான்னு பாத்தேன், அழல. ரெண்டு கையையும் விரிச்சி வெச்சிப் பாத்துக்கினு இருந்தான்.

“அவங்க வெரலை நான் அறுத்தப்போ கூட மாடிய வுட்டு எறங்கலயே யக்கா,”ன்னான். “நான் வுட்டுக் குடுத்த அன்னிக்குத்தானே எறங்குனாங்க.”